செஞ்சு தொலைக்கேன்

காலைப் பணிமாற்றத்தின்போது, நடமாட முடியாதவர்களைப் பராமரிக்கும் மறுநடை இல்லத்து ஊழியர்கள் மாடிப்படியின் கடைசிப் படியில் சற்று நின்றுவிட்டுத்தான் தாழ்வாரத்துக்குள் நுழைவார்கள். மூச்சு வாங்குவதற்காக அல்ல, மனசைச் சரிபண்ணிக்கொள்வதற்காக. ஒருத்தி தன் மகளின் குறும்பை நினைத்துக்கொள்வாள். இன்னொருவர் முந்தின நாள் சாப்பிட்ட சாளைமீன் குழம்பை நினைத்துக்கொள்வார். முகத்தில் லேசாகச் சிரிப்பு ஊறியதும், சுவரில் பதித்திருக்கும் இசைவுமானிக்கு முன்னால் போய் நிற்பார்கள்.

"இன்றைய பணியைச் செய்ய உங்களுக்கு மனமா?" என்று அது கேட்கும்.

"மனசார!" என்பார்கள். விளக்கு பச்சையாகும். அடுத்தவர் வருவார்.

தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு வகுளா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுவன உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். களப்பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் இருக்கும் இந்த இல்லத்துக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவள் காத்திருந்த ஆள் வழக்கம்போல எல்லோருக்கும் கடைசியாக வந்தார். பேச்சிமுத்து, நாற்பத்தைந்து வயதுப் பராமரிப்பாளர். படியில் நிற்கவில்லை. எதையும் நினைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

"இன்றைய பணியைச் செய்ய உங்களுக்கு மனமா?"

"மனசாவது மண்ணாங்கட்டியாவது. செஞ்சு தொலைக்கேன்."

விளக்கு சிவந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "அண்ணாச்சி, ஒரு நாளாவது பச்சையக் காட்டுங்க. பொங்க வச்சுக் கொண்டாடுதோம்." அவர் திரும்பிப் பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குள் போனார். ஒரு பருவம் முழுக்க இதே சிவப்புதான். அதனால்தான் வகுளாவை இங்கே அனுப்பியிருந்தார்கள்.

மனமொப்பிய உழைப்புச் சட்டம் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்டதற்கு வாய் சரி என்று சொன்னால் போதாது, உள்ளமும் சொல்ல வேண்டும். குரலையும் நாடியையும் சொல்லையும் சேர்த்து எடைபோட்டு இசைவுமானி அதைக் கண்டுபிடித்துவிடும். மனசில்லாத ஆளிடம் வேலை வாங்குவது குற்றம். குறை சொல்ல ஒன்றுமில்லாத சட்டம்தான். மேலதிகாரியின் காலடிச் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் வியாதி ஒன்று முன்பு இருந்ததாம். வகுளாவின் தலைமுறைக்கு அது பாடத்தில் வரும் பழைய கதை.

ஆனால் இயந்திரம் சந்தேகப்படத்தான் செய்யும், தீர்ப்பு எழுத மனிதர் வேண்டும். ஒருவருக்குத் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் நிறுவன உளவியல் துறை ஆளை அனுப்பி விசாரிக்கும். கண்ணுக்குத் தெரியாத வற்புறுத்தல் இருக்கிறதா? மிரட்டலா, பயமா? அப்படி விசாரிக்கும் வேலை ஆய்வு மாணவர்களின் தலையில்தான் விழும். விசாரணைதான் பயிற்சி, அறிக்கைதான் ஆய்வேடு. பேச்சிமுத்துவை ஏழாம் அறையில் விடுவதா, எடுப்பதா என்று வகுளா எழுத வேண்டும். அவள் பட்டமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழாம் அறையில் இருப்பவர் கலிஸ்டஸ். தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுவதற்கு இல்லத்தில் அருமையான தூக்கிகள் இருந்தன. அவர் அவற்றை அறைக்குள் விடமாட்டார். "ஆயுசு பூரா நான் பெட்டியத் தூக்கி வச்சவன். இப்ப என்னையப் பெட்டி மாதிரித் தூக்குதியளோ?" என்று ஒரே கத்தல்.

வகுளா உள்ளே போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஏல மூதி, தண்ணி சுடுதுல!"

"சுடத்தான்வே செய்யும். வெந்நீரு பின்ன குளுருமா?" பேச்சிமுத்து துணியைப் பிழிந்தார். "கையத் தூக்கும். தூக்கித் தொலையும்வே."

"மெதுவாத் தேய்ல. என்ன, தேங்கா நாரு வச்சுப் பாத்திரமா வெளக்குத?"

"பாத்திரம்னா வெளக்குனதும் பளபளன்னு ஆவும். ஒம்ம மொகம் எங்க ஆவுது?"

இப்படியே அரைமணி நேரம். ஒரு நல்ல வார்த்தை இல்லை. ஆனால் கலிஸ்டஸின் முதுகில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பதை வகுளா பார்த்தாள். இந்த இல்லத்தில் அப்படி ஒரு முதுகு வேறு எந்த அறையிலும் கிடையாது. வேண்டா வெறுப்புக்குப் பிள்ளையைப் பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்தாளாம் என்பார்கள். இங்கே பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மத்தியானம் இல்லத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் அவரை உட்காரவைத்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்த அறைக்குப் போகச் சொல்லி உங்களை யாராவது நெருக்குறாங்களா?"

"என்னைய யாரு மேடம் நெருக்க?"

"வேற வேலை கிடைக்காதுன்னு பயமா?"

"நாத்துப்பண்ணையில வா வான்னு கூப்புடுதாவ. எனக்குச் செடி கொடின்னா உசுரு."

"அப்ப கலிஸ்டஸ் ஐயா மேல பிரியமா?"

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஆளு மேலயா? காலையில எந்திரிச்சதும் ஐயோ, அவன் மூஞ்சியில முழிக்கணுமேன்னு இருக்கும். வாயத் தொறந்தா சாக்கடை. எனக்குச் சுத்தமா மனசு கெடையாது மேடம். அந்த மிசினு உள்ளதத்தான் சொல்லுது."

"பின்ன எதுக்குப் போறீங்க?"

அவர் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "அவுரு வந்த புதுசுல மனசார வந்தவுக எத்தன பேருன்னு நெனைக்கிய? எல்லாம் பச்ச வெளக்கு. ரெண்டு நாளு ஏச்சு வாங்குவாவ, மூணாம் நாளு வெளக்கு செவந்திரும், போயிருவாவ. அவுகளக் குத்தம் சொல்ல முடியாது, சட்டம் அப்படி. ஒருநா ஆளில்லன்னு என்னைய விட்டாவ. ஒத்த நாளுதானன்னு போனேன். மறுநா போர்வைய எடுத்துட்டு வரலாம்னு எட்டிப் பாத்தேன். 'நீ திரும்ப வருவன்னு நெனைக்கவே இல்லல'ன்னுட்டான். அதுக்குமேல எப்படிப் போவாம இருக்க?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மனசு வந்து வந்தவன் மனசு போனதும் போயிருவான். நான் மனசோட வரலல்லா? எங்கிட்ட இருந்து போவ ஒண்ணுமில்ல."

அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்கிற மாதிரித்தான் அவர் சொன்னார். பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. கிளம்பும்போது அவருடைய செவிப்பேசி ஒலித்தது. மதுரையில் படிக்கும் மகள். "சாப்பிட்டுத் தொலைச்சியா, இல்லியாட்டி? அந்தக் கழுத படிப்பு எங்கயும் ஓடிராது, மொதல்ல சோத்தத் தின்னு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டே சாலையைத் தாண்டினார்.

வகுளா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். 'தொலை' என்பது அவள் துறையின் ஒலிக்குறி அகராதியில் வன்மறுப்பு என்ற தலைப்பின் கீழ் வரும் சொல். அது வாயில் வந்தாலே இசைவுமானி சிவக்கும். சட்டத்துக்கு முந்தைய நாட்களின் வழக்குகளிலிருந்து பொறுக்கிய சொல் அது. அடுத்து வந்த நாட்களில் மற்ற அறைகளிலும் பேச்சிமுத்துவின் பின்னாலேயே சுற்றினாள். எட்டாம் அறையில் "திருப்பட்டுமா சார்?" என்றார். ஒன்பதில் "இந்தா முடிஞ்சிட்டு சார், ஒரு நிமிசம்" என்றார். அந்த அறைகளுக்காக இசைவுமானி தனியாகக் கேட்டபோதெல்லாம் பச்சைதான். நேரம் முடிந்ததும் கும்பிட்டுவிட்டு வெளியேறினார். ஏழாம் அறையில் மட்டும் 'வந்து தொலைக்கேன்', 'முழுங்கித் தொலையும்'. அங்கேதான் நேரம் முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

அந்நியரிடம் யாரும் 'வந்து தொலை' என்பதில்லை. வாங்க என்பார்கள். விட்டுவிட முடியாத ஆளிடம்தான் அந்தச் சொல் வருகிறது. இது தோன்றியதும் வகுளாவுக்கு ஒரு கேள்வி எழுந்தது. தன்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? அவள் படித்த பள்ளியில் இசைவுமானி இருந்தது. அம்மாவும் அப்பாவும் வேலையிடத்து மொழியையே வீட்டிலும் பேசிப் பழகியவர்கள். 'கண்ணா, சாப்பிட உனக்கு மனமா?' மனமில்லை என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளை யாரும் சாப்பிட்டுத் தொலைக்கச் சொன்னதில்லை. மதுரையில் இருக்கும் அந்த முகம் தெரியாத பெண் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

நெறியாளர் ரஹ்மத்துன்னிசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பேராசிரியர் நல்ல பெண்மணி, அவசரப்படாமல் கேட்பவர். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்லாக் கவனிச்சிருக்கே வகுளா. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. எங்க வாப்பா சின்ன வயசுல செங்கச் சூளையில கொத்தடிமையாக் கிடந்தவங்க. அங்க அவங்களை 'வந்து தொலை'ன்னுதான் கூப்பிட்டானுங்க. அதுவும் விட்டுவிட முடியாத உறவாலதானா?"

வகுளா மேசைமேல் இருந்த கண்ணாடியையே பார்த்தாள்.

"'இவருக்கு மனசில்லை, இருந்தாலும் செய்யட்டும்'னு நீ ஒரு வரி எழுது. எண்ணி ஒரே வரி. நாளைக்கு ஊர்ல உள்ள ஒவ்வொரு முதலாளியும் அதைத் தூக்கிட்டு வருவான். 'பாருங்க, எங்க ஆளுங்களும் பாசத்துலதான் முணுமுணுக்காங்க'ம்பான். ஊசி நுழைய இடம் குடுத்தா ஒட்டகமே நுழையும்மா."

"அப்ப நான் என்னதான் மேடம் எழுத?"

"ரெண்டுல ஒண்ணு. அவருக்கு உள்ளூர மனசு இருக்கு, சொல்தான் நம்மளை ஏமாத்துதுன்னு எழுது. அகராதியைத் திருத்துவோம், அவரும் அங்கயே இருப்பார். இல்ல, மனசில்லைன்னு எழுது. அவரை எடுத்துருவாங்க. ரெண்டுல எதுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். நடுவுல மட்டும் நிக்காதே."

வகுளாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. முதல் வழிதான் வழி என்று நினைத்தாள். மனசு இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு தடவை வாய் திறந்து சொன்னால் போதும். மறுநாளே போய் விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு உள்ளுக்குள்ள மனசு இருக்குன்னு எழுதட்டுமா? அப்படி எழுதினா நீங்க ஏழாம் அறையிலயே இருக்கலாம்."

"இல்லாததை எப்படி எழுதுவிய?"

"இல்லைன்னு எழுதினா உங்களை எடுத்துருவாங்க. நாத்துப்பண்ணைக்கு அனுப்பிருவாங்க."

பேச்சிமுத்து கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவருக்கு வலிக்கிறது என்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"எம்மா, இத்தன மாசமா அந்த மனுசன் நாத்தத்தையும் வாயையும் சகிச்சிருக்கேன். ஒவ்வொரு நாளும் பல்லக் கடிச்சிட்டுத்தான் உள்ள போயிருக்கேன். இப்ப நீங்க அத ஆசையில செஞ்சான்னு எழுதிட்டியன்னா, நான் செஞ்சதுக்கு என்ன மருவாதி? ஆசைப்பட்டுச் செய்யுதவனுக்கு அது வெளையாட்டு. நான் வெளையாடல."

"ஆனா அவர் தனியாப் போயிருவாரே!"

"அது தெரியும்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்காவ பொய் எழுதாதிய."

அவள் உண்மையை எழுதினாள். மனமில்லை. வற்புறுத்தலும் இல்லை. காரணம் அறியப்படாதது. விலக்கலாம். அறிவியலில் காரணம் அறியப்படாதது என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் என்று தேர்வாளர்கள் பாராட்டினார்கள். வகுளா முனைவர் ஆனாள். பேச்சிமுத்து நாற்றுப்பண்ணைக்குப் போனார். அங்கே முதல் நாளே பச்சை விளக்கு எரிந்தது என்று செய்தி வந்தது. ஏழாம் அறைக்கு இளவயதுப் பராமரிப்பாளர்கள் முறைவைத்து வந்தார்கள். கலிஸ்டஸின் ஏச்சு நின்றுபோனதால் அவர்களுடைய பச்சையும் மாறவில்லை. இல்லத்து நிர்வாகம் துறைக்கு நன்றி தெரிவித்தது. எல்லோரும் நலம். அவளுக்குத்தான் ராத்திரிச் சோறு சரியாக இறங்கவில்லை.

தீர்ப்புக்குப் பின் ஒரு தடவை போய்ப் பார்த்துப் பின்னாய்வுக் குறிப்பு எழுதுவது முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பார்வையாளர் நேரத்தில் போனாள். கலிஸ்டஸ் தலைவாரி, முகம் கழுவி, சுத்தமான சட்டையில் படுத்திருந்தார். அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கும்பிடு அவளுக்கு என்னவோ செய்தது.

"வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லாருக்கேன். உங்களை எப்படிப் பாத்துக்கிடுறாங்க?"

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிடுதாங்க. எல்லாம் தங்கமான பிள்ளைங்க. கடவுள் அவங்களை நல்லா வைக்கணும்."

"குறை ஏதாவது?"

"குறையா? ஒண்ணுமில்லம்மா. ரொம்ப நன்றி."

அந்நியர்களுக்குச் சொல்கிற நன்றி. வாரக்கணக்காக இந்த அறையில் காது கூசும்படி ஏசிக்கொண்டிருந்த அந்த வாயிலிருந்து இப்போது பன்னீர் மாதிரி வார்த்தைகள் வந்தன. வகுளா தன் குறிப்புப் பலகையில் பச்சையைக் குறித்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பேச்சிமுத்து வந்தார். நெஞ்சில் பார்வையாளர் வில்லை. கையில் ஒரு பொட்டலம் சுக்குக் கருப்பட்டி.

"செத்த மூதி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ ஒனக்கு?" கட்டிலிலிருந்து வந்த குரலில் சுவர் அதிர்ந்தது. வகுளா திடுக்கிட்டுப் போனாள்.

"வாய மூடும்வே. பஸ்ஸு என் மாமியா வீட்டுதா, நெனச்சதும் வர?" என்றபடி கட்டில் அருகே வந்தவர் சட்டென்று நின்றார். மூக்கைச் சுளித்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். "எப்போ இது?"

கலிஸ்டஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "காலையிலேயே."

"காலையில இருந்து இந்த ஈரத்துல கெடக்கியா? அந்த நனைவுணரி எங்க?"

"நாந்தான் அணைக்கச் சொன்னேன். நோயாளிக்கு மனசில்லன்னா அணைச்சிரணும்லா, சட்டம்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதானவே! வெளிய அத்தன பேரு நிக்காங்க."

"அந்தப் பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே வருதுவல." கலிஸ்டஸ் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "என்ன கேட்டாலும் சந்தோசமாச் செய்யுதேன் தாத்தாங்குதுவ. அதுககிட்டப் போயி எப்படில சொல்ல, எனக்கு ஒண்ணுக்குப் போயிட்டுன்னு? வெக்கமா இருக்குல்லா."

வகுளா கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். அதில் அவள் சற்றுமுன் குறித்திருந்த 'நோயாளி நிறைவு: முழுப் பச்சை' மின்னிக்கொண்டிருந்தது. இவர்தான் ஈரத்தில் கிடந்துகொண்டே அவளுக்கு நன்றி சொன்னவர். அவமானத்தில் அவளுக்குக் காது சூடானது.

பேச்சிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு வாளியை எடுத்து வந்தார். பார்வையாளருக்கு இசைவுமானி கிடையாது, சம்பளமும் கிடையாது. மனமில்லாமல், ஊதியமில்லாமல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு உழைப்பது. சட்டத்தின் முதல் பிரிவு குற்றமென்று சொல்வது இதைத்தான், வேறெதையுமல்ல. ஊதியத்தோடு செய்துகொண்டிருந்தவரை ஊதியமில்லாமல் செய்யவைத்தது அவளுடைய அறிக்கை. இப்போது இதையும் அவள் எழுத வேண்டும். எழுதினால் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகையையும் தடுத்துவிடுவார்கள்.

"ஏ பிள்ள!" பேச்சிமுத்து அவளைத்தான் கூப்பிட்டார். 'மேடம்' எங்கோ காணாமல் போயிருந்தது. "என்ன பராக்குப் பாக்க? அந்தப் பலகையக் கீழ வச்சிட்டு இங்ஙன வா. அந்தப் பக்கம் பிடி."

அவள் நகரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாழ்க்கையில் மனமில்லாத எதையும் அவள் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

"எனக்கு... அண்ணாச்சி, எனக்கு..."

"தெரியுது, மொகத்துலயே எழுதியிருக்கு. யாருக்குத்தான் மனசிருக்கு? வா."

வகுளா பலகையைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போனாள். கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த விரிப்புக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள்.

"அடக் கூறுகெட்டவளே! கை என்ன பனிக்கட்டியா? மெதுவாப் பிடி!" என்று கலிஸ்டஸ் அவள்மேல் எரிந்து விழுந்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை. பேச்சிமுத்து மூன்று வரை எண்ணினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைப் புரட்டினார்கள்.